தொட்டி உருளைக்கிழங்கு: எந்த உரம் சரி?

இலை செழிப்பாக இருந்தும் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான், தோலெல்லாம் சொரசொரப்பு என்று எழுதியிருந்தீர்கள். முழுக்க மாட்டுச்சாணத்தையே நிரப்பியதுதான் வினை என்று நினைக்கிறேன். அதுவும் சரியாக மக்காத சாணம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி இலையாகவே வளரும், கிழங்கு பின்தங்கும். புதுச்சாணம், தோலைச் சொரசொரப்பாக்கும் சொறிநோய்க்கும் வழிவிடும்.

அடுத்த முறை நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து பாருங்கள். உரத்தைக் கையில் பிடித்தால் சூடு இருக்கக்கூடாது, மண்வாசம் வரவேண்டும். நாற்றம் அடித்தால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம். உருளைக்குச் சற்றே புளிப்பான மண்தான் பிடிக்கும், கார அமில அளவு (pH) 5 முதல் 6 வரை போதும்.

அப்புறம், தொட்டியை முதலிலேயே நிரப்பிவிடாதீர்கள். செடி உயர உயர இதே கலவையைத் தண்டைச் சுற்றி அணைத்துக்கொண்டே வாருங்கள். கிழங்கு பிடிக்கும் நேரத்தில் ஈரம் மட்டும் காயவே கூடாது.