ஜீன் சைலன்சிங் செய்த பயிரைச் சாப்பிட்டால் நம் மரபணுவும் அணைந்துவிடுமா?

அணையாது. ஜீன் சைலன்சிங் என்றால் ஒரு மரபணுவை அழிக்காமல் அதன் வேலையை மட்டும் அடக்கிவைப்பது. ஏதோ ஒரு வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்துப் பயந்து கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாவர வைரஸ் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள் என்பதால், இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மரபணுவின் செய்தியைச் சுமந்து போகும் மூலக்கூறுதான் ஆர்என்ஏ. பல வைரஸ்கள் செடிக்குள் பெருகும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகும். செடி அதைக் கண்டுகொண்டு 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கிவிடும். அப்புறம் அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து, அதே வரிசையுள்ள ஆர்என்ஏவைத் தேடித் தேடி வெட்டும். இது செடியின் சொந்தத் தற்காப்பு. ஜீன் சைலன்சிங்கில் நாம் அதற்கு ஒரு இலக்கைக் காட்டுகிறோம், அவ்வளவுதான். மரபணு இருந்த இடத்திலேயே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் செய்தி புரதமாவதற்குள் வெட்டுப்பட்டுவிடும்.

ஆய்வகத்தில் பெந்தாமியானா என்று புகையிலைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றை வளர்ப்போம். பச்சையத்தை ஒளியிலிருந்து காக்கும் நிறமிகள் உருவாக ஒரு மரபணு தேவை. அதன் சிறு துண்டை ஒரு வைரஸில் ஏற்றி, அந்த வைரஸைச் சுமக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் கரைசலை ஊசி கழற்றிய சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கத்தில் அழுத்துவோம். தண்ணீர் பட்ட துணி மாதிரி இலையில் கருந்திட்டு ஒன்று படரும். அந்த இலை பெரிதாக மாறாது. சில நாள் கழித்து மேலே விரியும் புது இலைகள்தான் நரம்போரமாக வெளுக்க ஆரம்பித்து, கடைசியில் பால்வெள்ளையாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த வெள்ளை இலைப் படங்கள் ஒரு ஆய்வுக்கட்டுரையில் வந்தன. செடி வளர்த்து, ஊசி போட்டு, படம் எடுத்த எங்கள் பெயர் அதில் இல்லை. உதவித்தொகையும் மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்னும் ஆறவில்லை. ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகிறவர்கள் பெயர் விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ஹவாயில் 1992-ல் புனா பகுதித் தோட்டங்களுக்குள் வளையப்புள்ளி வைரஸ் புகுந்து பப்பாளியை நாசமாக்கியது. தாவர நோய் விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வஸ் குழுவின் உழைப்பில் வந்த ரெயின்போ ரகம் 1998-ல் விவசாயிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வைரஸின் மேலுறை மரபணுவை அதில் சேர்த்திருந்தார்கள். அதைக் காப்பாற்றுவது இந்த ஆர்என்ஏ வெட்டுதான். அதற்கு முன்னால் நோய்ப்பட்ட பப்பாளியைச் சாப்பிட்டவர்கள் அந்த வைரஸையே முழுசாக விழுங்கியிருப்பார்கள். எந்தக் காய், கீரையைத் தின்றாலும் ஆர்என்ஏ உள்ளே போகத்தான் செய்கிறது. வயிற்று அமிலமும் குடலின் நொதிகளும் அதைச் சிதைத்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்தாலும் நம் மரபணுவோடு வரிசை பொருந்தினால்தானே வெட்ட முடியும்?

உடனே கம்பெனிக்கு வக்காலத்து என்று கிளம்பாதீர்கள். விதையின் விலை, காப்புரிமை, லேபிள் பற்றிய கேள்விகள் எல்லாம் நியாயமானவை. பூச்சியின் மரபணு வரிசையோடு பொருந்தும் ஆர்என்ஏவை அதற்கே தின்னக் கொடுத்து, பூச்சிக்கு எதிராக இதைப் பயன்படுத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். மக்காச்சோள வேர்ப்புழுவில் இதற்கு எதிர்ப்புத்திறன் வளர்வதை ஆய்வகத்திலேயே பார்த்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு வண்டுக்குத் தெளிக்கும் லெட்ப்ரோனா என்ற ஆர்என்ஏ மருந்துக்கு அமெரிக்கா 2023 கடைசியில் அனுமதி கொடுத்தது. இப்படி ஒன்று உங்கள் வயலுக்கு வந்தால், அதன் வரிசை தேனீயோடு பொருந்துகிறதா என்று பார்த்தார்களா எனக் கட்டாயம் கேளுங்கள்.