திசுவில் ஆன்டிபாடி சாயம் ஏற்றும்போது பிளாக்கிங் கரைசலில் சீரம், பிஎஸ்ஏ, டிரைட்டான் எல்லாம் எதற்கு? பால் பவுடர் மட்டும் போதாதா?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காலை பஸ்ஸில் போனவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, பிளாக்கிங்கும் அதேதான். திசுவில் எந்தப் புரதம் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் ஏராளம். நாம் தேடும் புரதத்தை மட்டும் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி அங்கே போய் உட்காராமல் இருக்க முன்கூட்டியே வேறு புரதத்தைப் போட்டு வைக்கிறோம். பிஎஸ்ஏ, அதாவது மாட்டு ஆல்புமின், 1 முதல் 5 சதவீதம் சேர்ப்பது இதற்குத்தான். தன் சொந்த சீட்டில் துண்டு கிடந்தாலும் ஆன்டிபாடி அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். அங்கே பிடிப்பு அவ்வளவு பலம்.

சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர் (5 முதல் 10 சதவீதம்), இன்னொரு வேலையும் செய்யும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் எந்த ஆன்டிபாடி வந்தாலும் அதன் வால் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சீரத்தில் உள்ள ஆன்டிபாடிகள் முதலிலேயே அந்தக் கைகளை நிரப்பிவிடும். ஆனால் எந்த மிருகத்தின் சீரம் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் முதல் ஆன்டிபாடி, அதாவது தேடும் புரதத்தைப் பிடிப்பது, வெள்ளாட்டில் தயாரானது. இரண்டாவது, அதைப் பிடித்துப் பச்சையாக ஒளிரும் கழுதை ஆன்டிபாடி. ஃபிரிட்ஜில் ஆட்டு சீரம் இருந்தது, ஊற்றிவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எலி மண்ணீரல் முழுக்க ஒரே பச்சை, கார்த்திகை மாதச் சம்பா வயல் மாதிரி. இரண்டாவது ஆன்டிபாடி, போட்டு வைத்த துண்டுகளையே ஆள் என்று நினைத்துப் பிடித்திருக்கிறது. "ரெண்டாவது எந்த மிருகமோ அந்த சீரம்தான் தம்பி" என்றார் சீனியர் அக்கா. கழுதை சீரம் வாங்கிய பிறகுதான் பின்புலம் கறுத்தது.

டிரைட்டான் என்ற சோப்பு மாதிரிப் பொருள் (0.1 முதல் 0.3 சதவீதம்) துண்டு போடும் ஆள் இல்லை, கதவைத் திறப்பவர். செல் சவ்வில் ஓட்டை போட்டு ஆன்டிபாடியை உள்ளே விடும். தேடும் புரதம் செல்லின் வெளிப்புறத்தில்தான் என்றால் தேவையில்லை.

பால் பவுடர் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதங்களைச் சவ்வுத்தாளில் ஏற்றிப் பார்க்கும் முறை) மலிவு, சரி. ஆனால் அதில் பயோட்டின் என்ற வைட்டமின் உண்டு. பயோட்டினை அவிடின் என்ற புரதத்தால் பிடித்து நிறம் காட்டும் அவிடின்-பயோட்டின் முறையில் அது குழப்பும். பால் புரதமான கேசீனில் பாஸ்பேட் இருப்பதால், பாஸ்பேட் ஒட்டிய புரதங்களைத் தேடும் பாஸ்போ ஆன்டிபாடிகளுக்கும் ஒத்துவராது.

ஒளிரும் சாயத்துக்குப் பதில், பெராக்சிடேஸ் என்சைமால் பழுப்பு நிறம் தரும் டிஏபி (DAB) முறையா? அப்படியானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தனியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் ஆன்டிபாடி இல்லாமலே பழுப்பாகும், அதைச் சீரம் தடுக்காது.

அப்புறம், சித்திரை வெயிலில் ஸ்லைடின் ஓரம் காய்ந்தால் எந்தச் சீரமும் காப்பாற்றாது. நான் பிளாஸ்டிக் ஸ்வீட் பாக்ஸில் ஈரத்தாள் விரித்து, ஸ்லைடுகளை அதற்குள் வைத்து மூடிவிடுவேன்.