பொலிஸ் மறித்தால் என்ன காட்டுவது?

தம்பி, இங்கிலாந்தில், எசெக்ஸ் கவுன்ரியின் பாசில்டனில் வந்து இறங்கின கையோடு வாடகை, குளிர் உடுப்பு, பொலிஸ் மறித்தால் எந்த அட்டையைக் காட்டுவது என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர். முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல ஊர்ப்பட்ட சனம் இருக்கு. மூன்றாவதுக்கு நான்.

இந்த நாட்டில், இலங்கையில் மாதிரி அடையாள அட்டை கிடையாது. போர்க்காலத்தில் இருந்தது. 1950இல் ஃபிஞ்ச்லியில் வில்கொக் என்ற காரோட்டி, மறித்த பொலிஸ்காரருக்கு அட்டை காட்டமாட்டேன் என்று நின்றார். வழக்கில் தோற்றார்தான். ஆனால் போர் முடிந்தும் எதற்கு அட்டை கேட்கிறீர்கள் என்று நீதிபதியே கண்டித்தார். 1952இல் அட்டை ஒழிந்தது. நடந்து போகிற உமக்குப் பயம் வேண்டாம்.

பயம் கார் வாங்கின பிறகுதான். ஊர் லைசென்ஸ் 12 மாதம்தான் செல்லும். அதற்குப் பிறகு அதை நம்பி ஓடினால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும்: 300 பவுண் தண்டம், லைசென்ஸில் 6 தண்டப் புள்ளி, காரையும் இழுத்துக்கொண்டு போவார்கள். "ஒண்டும் நடக்காது, ஓட்டு" என்கிற அண்ணன்மார் கிழக்கு லண்டன் ஈஸ்ற்ஹாமில் நிறைய. எசெக்ஸ் பொலிஸ் வேறு, லண்டன் பொலிஸான மெட் வேறு என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஈஸ்ற்ஹாம் 1965 வரை எசெக்ஸ் கவுன்ரிதான். காவல் மட்டும் வெகுகாலமாக மெட்டின் கையில்.

எசெக்ஸ் பொலிஸ் தனிப் படை. 1840இல் தொடங்கியது. முதல் தலைவர் மக்ஹார்டி என்ற கடற்படைக் கப்டன், 1881 வரை அசையவில்லை. இவர்கள் இரவில் கார் மறிக்கும்போது முகம் இறுகியிருக்கும், காரணம் உண்டு. 1927இல் ஸ்டேபிள்ஃபோர்ட் அபொட்ஸில் கட்டரிட்ஜ் என்ற கொன்ஸ்டபிள் களவெடுத்த கார் ஒன்றை மறித்தார். விடியப் பார்த்தால் தெருவோரம் செத்துக் கிடக்கிறார்; இரண்டு கண்ணிலும் வெடி, கையில் பென்சில் பிடித்தபடி. அதற்குப் பிறகும் ரோந்துப் பொலிசுக்குத் துவக்குக் கொடுக்கவில்லை. ஆகவே கையை ஸ்ரியரிங்கில் வைத்திரும், உள்ளே துழாவ வேண்டாம்.

"சும்மா கதைக்க ஸ்ரேஷனுக்கு வாங்கோ" என்றால்தான் உஷார். சொலிசிற்றர், அதாவது வழக்கறிஞர், இலவசம், மொழிபெயர்ப்பாளர் இலவசம்; 1984 பொலிஸ் சட்டம் தந்த உரிமை. சங்கத்துப் பிரமுகர் யாராவது நான் வந்து கதைக்கிறன் என்று புறப்பட்டால் கும்பிட்டு அனுப்பிவிடும். அவர் உமது வழக்கையும் சொல்லி, தன் பெருமையையும் சொல்லிவிட்டு வருவார். வாய் திறக்காமல் இருக்கலாம், ஆனால் 1994 சட்டத்துக்குப் பிறகு அந்த மௌனமே கோர்ட்டில் உமக்கு எதிராகத் திரும்பலாம். சொலிசிற்றரைக் கேட்டு முடிவெடும்.

நான் வந்த புதிதில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. விடியப்புறம் நடந்து வரும்போது பின்னால் கார் வேகம் குறைந்தால் கை தன்பாட்டில் சேட் பொக்கெற்றுக்குப் போகும், கொழும்புப் பழக்கம். ஒரு மார்கழியில் பொலிஸ்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கினார். அவர் வாய் திறக்க முதலே ஐசியை, அதுதான் இலங்கை அடையாள அட்டையை, நீட்டினேன். ரோச் அடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது என்ன, லைப்ரரி கார்டா?"