ஹைபிரிட் காரில் ஏசி போட்டால் பெற்றோல் ஏன் இவ்வளவு இழுக்கிறது? பற்றரி போய்விட்டதா?

சித்திரை வெயிலில் உங்கள் ரொயோட்டா அக்குவா லீற்றருக்கு 16 கிலோமீற்றர்தான் தருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பற்றரிக்குக் காசு கட்ட வேண்டாம். என்னுடையதும் அக்குவாதான். போன வருடம் இதே கணக்கைப் பார்த்துப் பயந்து ஒரு கராஜுக்குப் போக, பார்த்த பார்வையிலேயே "பற்றரி மாத்த வேணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அக்குவாவில் ஏசி கொம்பிரசரை எஞ்சின் பெல்ட் சுற்றுவதில்லை. அது பெரிய பற்றரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஓட்டோவும் பஸ்ஸும் முன்னால் அடைத்து நிற்க, எஞ்சின் ஓய்ந்திருக்கும், ஏசி மட்டும் பற்றரியைக் குடித்துக்கொண்டிருக்கும். சார்ஜ் இறங்கியதும் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும். அந்தப் பெற்றோலுக்கு ஓடிய தூரம் பூச்சியம். நிற்கும்போது எஞ்சினை அணைத்து மிச்சம் பிடிப்பதுதானே ஹைபிரிட்டின் வித்தை, ஏசி அதிலேயே கைவைக்கிறது. வெயிலில் காய்ந்த காரை எடுத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்தால் உள்ளே குளிர முதல் வீடு வந்துவிடும். அதே ஏசியோடு ஏ9 வீதியில் வவுனியா போனால் எனக்கு 22க்குக் குறைவதில்லை, ஆனையிறவு வெளியில் சோளகக் காற்று எதிர்த்து அடிக்கும் நாளைத் தவிர.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்குப் பிரச்சினை தலைகீழ். ஹீற்றருக்குச் சூடு எஞ்சினில் இருந்து வரவேண்டும் என்பதால் பனிக்காலத்தில் எஞ்சின் அணையவே மாட்டாதாம். மைனஸ் 7 பாகையில் ஹைபிரிட்டுகளுக்கு லீற்றருக்கு ஓடும் தூரம் 30 சதவீதம் அளவில் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

சரி, ஏசியை நிற்பாட்டிவிட்டு ஓடலாமா? அங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, தன்னைக் குளிராக்கக் காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. நீங்கள் வெந்தால் அதுவும் வேகும். என் காரில் அந்தக் காற்றுத் துவாரம் எங்கள் ஒழுங்கைப் புழுதியால் அடைபட்டிருந்தது, போதாததற்கு அதன்மேல் ஒரு சந்தைப் பை வேறு. துப்புரவாக்கியபின் ஊருக்குள்ளேயே 18, 19 வருகிறது. வேப்பமர நிழலில் விடுகிறேன், ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி வெக்கையை வெளியேவிட்டு, பிறகு 25 பாகையில் ஏசி போடுகிறேன், அவ்வளவுதான்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ஸ்கானர் போட்டு, பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு புளொக்கின் (பகுதியின்) வோல்ற்றேஜையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் மாற்றச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.