ஜீப் கேரியருக்கு என்ன விலை? – கடிதம்

அன்புள்ள சார்,

கேரளத்து வண்டன்மேட்டில் ஒரு ஜீப் பட்டறையில் டிங்கரிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கம்பம் பக்கம். ராத்திரியில் சின்ன வண்டிகள் செய்வது பழக்கம். முதலில் ஃபோரெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் பஸ் செய்துகொண்டிருந்தேன். திரவ ரெசினை அடுக்கடுக்காக உறையவைத்துச் சாமான் எடுக்கிற 3டி பிரிண்டர் வாங்கியதிலிருந்து மாடல் ஜீப்புகளுக்கு கேரியர், பம்பர், படுதா ஃபிரேம் என்று தனித்தனியாகச் செய்து தருகிறேன்.

துபாயில் இருக்கும் கோட்டயத்துக்காரர் ஒருவரிடம் 1:18 அளவில், அதாவது நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்காக, ஒரு வில்லிஸ் ஜீப் இருக்கிறது, பட்டாளத்து மாடல். அதை அவருடைய அப்பா ஓட்டிய பழைய மஹிந்திரா 3பி போல மாற்ற வேண்டுமாம். கேரியர், முன்பம்பர், படுதாக் கம்பி மூன்றுக்கும் சேர்த்து 1500 ரூபாய் சொன்னேன். "நாலு வீலும் டயரும் சீனாவிலிருந்து 300 ரூபாய்க்கு வருது, இதுக்கு 1500ஆ?" என்கிறார். வீட்டில் அப்பாவும் "பொம்மைக்கா இவ்வளவு கேக்குறே?" என்கிறார். ரெசின் செலவு என்னவோ 80 ரூபாய்தான். ஆனால் 1500 வாங்கினாலும் கையில் ஒன்றும் நிற்காது போலவும் தோன்றுகிறது. இன்னொருவர் ஃபைலை மட்டும் கொடு, 500 தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்? மேலும், அளவெல்லாம் சரியாகச் சுருக்கித்தான் போடுகிறேன். ஆனாலும் என் சாமான்கள் தடித்தடியாகத் தெரிகின்றன. ஏன் சார்?

(வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத சாமானுக்கு நாலு இலக்கத்தில் விலை சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏலக்காய் ஊரில் இருப்பவருக்குப் பதில் சொல்வது சுலபம். சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காய்ந்துதான் ஒரு கிலோவாகிறது. பக்கத்துப் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் அந்த ஒரு கிலோவுக்கு விலை கேட்பவர், தட்டில் கிடப்பதன் கனத்தை மட்டும் பார்த்துக் கேட்பதில்லை. உங்கள் கேரியரில் காய்ந்துபோனது உங்கள் ராத்திரிகள்.

உங்கள் கணக்கு தடுமாறுவது ரெசினிலிருந்து ஆரம்பிப்பதால்தான். 80 ரூபாய் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் கொள்ளை போலத் தெரியும். கடைசி வரியில் எழுதவேண்டியது அது.

முதல் வரி அளந்து வரைகிற கூலி. நிஜ ஜீப்பைத் தேடிப்போய் டேப் பிடித்து அளப்பது, கம்ப்யூட்டரில் வரைவது, ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்து வண்டியில் வைத்துப் பார்ப்பது, மறுபடி திருத்துவது. எவ்வளவு சுருக்கினாலும் 16 மணி நேரம் பிடிக்கும். இந்தப் பக்கம் கொத்தனார் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறைந்து வருவதில்லை. நீங்கள் வீட்டில் இருந்து செய்வதால் 800 என்றே வைத்துக்கொள்வோம், மணிக்கு 100. வரைகூலி 1600.

இனி ஒரு செட்டின் செலவு. பிரிண்டைத் தாங்க முட்டுக்கொடுக்கிற சப்போர்ட்டோடு சேர்த்து ரெசின் 80. கழுவுகிற ஐ.பி.ஏ. ஆல்கஹால், கையுறை 30. பிரிண்டரின் திரை, ஃபிலிம் தேய்மானமும் கரண்டும் 40. ஆக 150. ஐந்தில் ஒன்று சொதப்பும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் வண்டன்மேட்டில் கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணி நேரம் ஓடிய பிரிண்ட் நடுவில் நின்றால் குப்பைதான். மார்கழிக் குளிரில் வேறு தொல்லை: ரெசின் கெட்டிப்பட்டுப் பிரிண்டரின் தட்டில் சரியாக ஒட்டாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து ஊற்றுங்கள். ஐந்தில் ஒன்று போகும் என்றால் பலரும் 20 சதவீதம் கூட்டிவிட்டு நிம்மதியாகிறார்கள். அது பற்றாது. ஐந்து தடவை செலவு செய்தால் நாலுதான் விற்கக் கிடைக்கிறது, ஆகவே 150ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 190 வருகிறது. சப்போர்ட் வெட்டி, தழும்பை உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் அடிக்க இரண்டு மணி நேரம், 200. டப்பா, பஞ்சு, டேப் 60. மொத்தம் 450.

ஆக, அவர் ஒருவருக்காக மட்டும் செய்தால் 1600ம் 450ம் சேர்ந்து 2050 அசல். கால்வாசி லாபம் வைத்தால் 2560. இதே செட்டைப் பத்துப் பேருக்கு விற்க முடிந்தால் வரைகூலி ஆளுக்கு 160ஆகக் கரைகிறது. அசல் 610, லாபத்தோடு 760.

ஒரே சாமானுக்கு 760ம் சரி, 2560ம் சரி. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் 1500 என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அது எதற்கான விலை என்று சொல்லவில்லை. இரண்டு வழியாகப் பிரித்து அவருக்கு எழுதுங்கள். இந்த வடிவம் உங்களுக்கு மட்டும், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றால் 2560. வரைந்தது என்னிடம் இருக்கும், மற்றவர்களுக்கும் விற்பேன் என்றால் வரைகூலியில் பாதியை நான் சுமக்கிறேன். 800ம் 450ம் 1250, லாபத்தோடு 1560. வேடிக்கை பாருங்கள், நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்னதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ஆனால் இந்த வழியில் மீதி 800ஐ அடுத்தவர்களிடம்தான் எடுக்க முடியும். கேரியர் நாலு பேருக்குப் பொருந்தும். அப்பாவுடைய வண்டியில் வளைந்திருந்த மாதிரியே ஒரு பம்பர் வேண்டும் என்றால் அது வேறு யாருக்கும் விலைபோகாது. அதற்கு முழு வரைகூலியையும் அவரே தரட்டும். வரைகூலியை முன்பணமாக வாங்குங்கள், வரைபடத்துக்கு அவர் சம்மதம் சொன்ன பிறகு அது திரும்பாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வாய் கூசும் இடம் இதுதான். பழகிவிடும்.

ஆனால் விலை சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டிருப்பது என்ன என்று பாருங்கள். நீங்கள் எழுதிய மூன்று சாமானை மாட்டினால் அந்த வண்டி 3பி ஆகாது. பட்டாளத்து வில்லிஸ் எம்.பி.க்கும், மஹிந்திரா 3பிக்கு மூலமான சி.ஜே. 3பிக்கும் (சி.ஜே. என்றால் சிவிலியன் ஜீப்) வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள நீளம், ஒன்று, 80 இஞ்ச். 1:18இல் 113 மில்லிமீட்டர். அதனால் அடித்தளம் பொருந்தும், அதுவரை நல்லது. கிரில்லைப் பாருங்கள். போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது கீறல், சி.ஜே. வகைக்கு ஏழு. பானெட் அதைவிடப் பெரிய சிக்கல். 1953இல் 3பி வந்தபோது உள்ளே வைத்த ஹரிக்கேன் எஞ்சின் முந்தியதைவிட உயரம், அதற்காக பானெட்டையே தூக்க வேண்டியதாயிற்று. 3பியின் முகமே அந்தத் தூக்கிய நெற்றிதான். விடியலில் கம்பம்மெட்டு ஏறிவரும் தோட்ட ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். கோட்டயத்துக்காரருக்கும் தெரியும். கேரியரும் பம்பரும் போய்ச் சேர்ந்த பிறகு "என்னமோ குறையுதே" என்று போன் செய்வார், அந்தக் குறையை நீங்கள் இனாமாகத் தீர்க்க வேண்டிவரும். பானெட், கிரில், ரேடியேட்டர் முகப்பு என்று இன்னொரு பட்டியலை இப்போதே அனுப்புங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும்.

இனி தடிமன். நீளம் அகலத்தைச் சுருக்குகிறீர்கள், தகட்டைச் சுருக்க முடியவில்லை. ஜீப் பாடியில் 1.2 மில்லிமீட்டர் தகடு இருந்தால் 1:18இல் அது 0.07 மில்லிமீட்டர். அப்படி ஒரு சுவரை ரெசினில் எடுக்க முடியாது, ஒரு மில்லிமீட்டர் வைக்கிறீர்கள். பட்டறையில் 18 மில்லிமீட்டர் பிளேட்டில் ஒருவர் பம்பரும் மட்கார்டும் அடித்து வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் உங்கள் கண்ணில் உறுத்துகிறது. முழுச்சுவரையும் மெல்லிசாக்க முயலாதீர்கள், உடைந்துபோகும். கண் பார்ப்பது விளிம்பை மட்டுமே. உள்பக்கத்திலிருந்து சரிவாகச் சீவிக்கொண்டு வந்து விளிம்பில் மட்டும் 0.3, 0.4க்குக் கொண்டுவாருங்கள். வரையும்போதே செய்யலாம், உப்புத்தாளிலும் செய்யலாம். பிரைமர், பெயிண்ட், கிளியர் எல்லாம் சேர்ந்து பக்கத்துக்கு 0.1 ஏறிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பெயிண்ட் அடிக்காமல் பச்சையாக இருக்கும்போது இறுக்கமாகப் பொருந்துகிற சாமான் பெயிண்டுக்குப் பிறகு உள்ளே போகாது.

கேரியரை ரெசினில் செய்வதையே விட்டுவிடுங்கள். முக்கால் இஞ்ச் பைப் 19 மில்லிமீட்டர், 1:18இல் அது 1.06. கடையில் கிடைக்கிற ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. 1:24 என்றால் 0.8 கம்பி. பலகையில் கேரியரின் படத்தை ஒட்டி, நீளக் கம்பிகளை அதன் மேல் டேப்பால் பிடித்து, குறுக்குக் கம்பிகளை வைத்து சால்டர் பற்றுங்கள். நிஜ ஜீப்பில் வெல்டிங் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் விளையாட்டு. படுதாக் கம்பிக்கும் இதே வழி. இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண ரெசின் 60 டிகிரிக்கு முன்பின்னாகவே இளகத் தொடங்கும். துபாய் வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். அவர் அலமாரியில் வைப்பாரா, காரில் வைப்பாரா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பதினைந்து செட் போகும் என்று தெரிந்தால் சிலிக்கான் அச்சு எடுத்து வார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பிளாட்டினம் வகை சிலிக்கானை ரெசின் பிரிண்ட் மேல் ஊற்றாதீர்கள். பிரிண்டில் முழுதாக வேகாமல் மிச்சம் இருக்கும் ரசாயனம் அதை உறையவிடாது, பிசுபிசுத்துப் போகும். டின் வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. வார்க்கிற பாலியூரித்தேன் ஈரத்தைக் கண்டால் நுரைத்துக் குமிழ் விடும், ஆகவே மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஃபைலுக்கு 500 தருகிறேன் என்றவர் விவரமானவர். 1600 ரூபாய் வேலையை 500க்குக் கேட்கிறார், அதோடு உங்கள் அடுத்த ஒன்பது வாடிக்கையாளர்களையும் கேட்கிறார். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரைகூலிக்குக் குறையாமல் வாங்குங்கள், தனக்கு மட்டும் எடுத்துக்கொள்வதா, விற்பதற்கா என்று எழுத்தில் வாங்குங்கள். அவருடைய பிரிண்டருக்கு ஸ்லைஸ் செய்த, அதாவது அடுக்கடுக்காக வெட்டித் தயாராக்கிய, ஃபைலை மட்டும் கொடுத்தால் திருத்துவது கொஞ்சம் கஷ்டமாகும், அதற்கு மேல் அது காவல் இல்லை. சட்டம் காப்பாற்றுமே என்றால், அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. நம் காப்புரிமை (காபிரைட்) சட்டத்தின் 15ஆம் பிரிவு, டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் இயந்திர முறையில் ஐம்பதுக்கு மேல் எடுத்துவிட்டால் அதன் காப்புரிமை போய்விடும் என்கிறது. டிசைன் சட்டம், 2000இன்படி பதிந்தால் பத்து ஆண்டு, அதன் பிறகு நீட்டித்தால் இன்னும் ஐந்து. புதிய வடிவமாக இருந்தால்தான் பதிய முடியும். நிஜ ஜீப்பின் பம்பரை அப்படியே சுருக்கியதை உங்கள் கண்டுபிடிப்பு என்று கொண்டுபோய் நிற்க முடியாது. அதனால் இந்தத் தொழிலில் நிஜமான காவல், அடுத்த சாமானை முதலில் செய்வதுதான்.

கம்பெனிப் பெயரை பானெட்டில் பொறித்து விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். கார் கம்பெனிகள் பெயரை மட்டுமல்ல, முகவெட்டையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஜீப்பின் கிரில் சாயல் இருக்கிறது என்று மஹிந்திராவின் ராக்ஸர் என்ற வண்டி மேலேயே 2018இல் அமெரிக்காவில் புகார் போனது. 2020இல் தடையும் வந்தது, முகத்தை மாற்றிய பிறகுதான் விட்டார்கள். உங்களைத் தேடி வண்டன்மேட்டுக்கு யாரும் வரப்போவதில்லை என்றாலும், விற்பனைப் பக்கத்தில் ஒரு புகார் போனால் பக்கம் முடங்கும். எழுத்தை வாடிக்கையாளரே ஒட்டிக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்த 300 ரூபாய் வீல். அதோடு போட்டி போடாதீர்கள். எஃகு அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுவதை நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஜெயிக்க முடியாது, ரப்பர் டயர் உங்கள் பிரிண்டரில் வரவும் வராது. அதை வாங்கி மாட்டிக் கொடுங்கள், மாட்டுக்கூலி வாங்குங்கள். 3பிக்கு 6.00-16 டயர். 1:18இல் ரிம் 22.5, வெளிவட்டம் 40 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். செட்டுக்கு நாலு வீல்தான் வரும். ஸ்டெப்னி வேண்டும் என்றால் இரண்டாவது செட்டுக்கும் காசு கொடுக்க வேண்டிவரும், அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.