பொது இடத்துக் கலை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: பூங்கா ஒன்றுக்குச் சிற்பம் செய்ய முதல் முறையாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வாழ்த்துகள்! வரைய உட்காருவதற்கு முன் காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் அந்த இடத்துக்குப் போய் வாருங்கள். அப்புறம் பணம். சொன்ன தொகையில் உங்கள் கூலியோடு என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்: அஸ்திவாரம், என்ஜினியர், கிரேன், இன்சூரன்ஸ். புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் அஸ்திவாரத்தில்தான். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஆன்டனி கோர்ம்லி 1998-இல் நிறுவிய ‘ஏஞ்சல் ஆஃப் த நார்த்’ 200 டன் எடை. இரு பக்கமும் சேர்த்து 54 மீட்டருக்கு விரிந்த இறக்கை. காற்று சும்மா விடுமா? அதைப் பிடித்து நிறுத்த மண்ணுக்குள் 600 டன் கான்கிரீட் இருக்கிறது. பார்க்க வருகிறவர் கண்ணில் அது படாது, செலவுக் கணக்கில்தான் படும்.

கேள்வி: கலைஞரைத் தேர்ந்தெடுக்கத் திறந்த போட்டிதானே நியாயம்?

பதில்: பெயர் பெறாதவர்களுக்கு அதுதான் வாசல். வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவிடத்துக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன. பெயரை மறைத்து வைத்துப் பார்த்த நடுவர்கள் தேர்ந்தெடுத்தது 21 வயது மாணவி மாயா லின்னின் வடிவமைப்பை. ஆனால் பலபேர் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது. முதல் சுற்றில் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கேளுங்கள். நாலைந்து பேரைப் பொறுக்கி, பணம் கொடுத்து மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே புழங்குகிற மக்களே எதிர்த்தால்?

பதில்: நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நிறுவிய ‘டில்டட் ஆர்க்’ ஓர் அரசு வளாகத்தின் முற்றத்தைக் குறுக்கே வெட்டிய, சுமார் 36 மீட்டர் நீள எஃகுச் சுவர். 1985-இல் நடந்த விசாரணையில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் 1989-இல் அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பு. அதே சமயம், தினமும் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனவர்களின் எரிச்சலும் பொய்யில்லை. வடிவம் முடிவாவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கேள்வி: சுவர்ச் சிற்பத்தை வாங்கியவர் இஷ்டப்படி எடுத்துவிடலாமா?

பதில்: சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைத்தால் எதிர்க்கக் கலைஞருக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலப் படைப்பை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள்; அதில் அது சிதைந்துபோனது. மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் நஷ்டஈடு தரவும் 2005-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை வருடக் காத்திருப்பு, பாருங்கள்! எடுக்க நேர்ந்தால் யார், எப்போது, எப்படி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பராமரிப்பு யார் பொறுப்பு?

பதில்: வாங்கியவர் பொறுப்பு. ஆனால் எப்படி என்று நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்: எந்த மெழுகு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, எதை வைத்துத் தேய்க்கவே கூடாது. ஒரு வெண்கலச் சிற்பத்தில் கலைஞர் பார்த்துப் பார்த்து ஏற்றிய பச்சை நிறத்தை, அழுக்கு என்று நினைத்து அமிலம் போட்டுத் தேய்த்து எடுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். தேய்த்தவர் மேல் தப்பில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.