நம்பர் ஒன் கம்பெனி போன்தான் வாங்க வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் சேரும் மகளுக்கு 15,000 ரூபாய்க்குள் போன் வாங்க வேலூர் போயிருந்தேன். நான் கேட்ட கம்பெனிக்கு "மார்க்கெட்டே இல்லை சார், சீக்கிரம் மூடிடுவாங்க, ஸ்பேர் கிடைக்காது, நம்பர் ஒன் போனை எடுங்க" என்றார் கடையில் இருந்தவர். நம்பலாமா? - குடியாத்தம் வாசகர்.

பதில்: சொன்னவர் யார் என்று பார்த்தீர்களா? கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டில் நிற்பவர் பெரும்பாலும் கடை ஆள் இல்லை, போன் கம்பெனியே சம்பளம் கொடுத்து நிறுத்திய புரமோட்டர். மாதம் இத்தனை போன் என்று அவருக்கு டார்கெட். டி-ஷர்ட் போடாதவரும் சும்மா இல்லை. எதில் கமிஷன் அதிகமோ, அந்த வாரம் அதுதான் 'நல்ல போன்'.

2017 கடைசியில் இந்தியச் சந்தையில் ஷாவ்மி (ரெட்மி போன் கம்பெனி) சாம்சங்கை முந்தியது. பிறகு விவோ முன்னால் வந்தது. சாம்சங் என்ன, கடையைக் கட்டிவிட்டதா? செய்திகளில் வரும் மார்க்கெட் பங்கு பெரும்பாலும் கம்பெனி கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகளின் கணக்கு. அலமாரியில் தூங்கும் போனும் அதில் சேர்த்திதான். போட்டி போடும் பெயர்களில் சில ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு: போகோ ஷாவ்மியுடையது, ஐக்யூ விவோவுடையது.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் பாதி உண்மை. போன் விழுந்து டிஸ்ப்ளே போனால், நிறைய விற்ற மாடலுக்கு காம்போ (டிஸ்ப்ளேயும் டச் கண்ணாடியும் சேர்ந்த செட்) உள்ளூரிலேயே கிடைக்கும். குறைவாக விற்றதற்கு "சென்னையிலிருந்து வரணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பார்கள். அந்த ரெண்டு நாள் எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். டெம்பர் கிளாஸ், பவுச் கூட அலைந்துதான் வாங்க வேண்டும். ஆனால் இது மாடலைப் பொறுத்தது, கம்பெனியைப் பொறுத்தது அல்ல. முதலிடக் கம்பெனியிலும் ஓடாத மாடல் உண்டு. பின்தங்கிய கம்பெனியிலும் சக்கைப்போடு போட்ட மாடல் உண்டு. எனவே போன் கடைக்குப் போகும் முன் ஒரு சர்வீஸ் கடையில் மாடல் பெயரைச் சொல்லி, காம்போ இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் வேலூரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. டார்கெட் காட்டுவதற்காக, விற்காத போனைப் பிரித்து ஆக்டிவேட் செய்து வைக்கிறார்கள். வாரண்டி அன்றே ஓடத் தொடங்கியிருக்கலாம். பணம் கொடுக்கும் முன் பெட்டியிலுள்ள ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்கள். அதே எண் பில்லிலும் இருக்க வேண்டும். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 'வட்டியில்லா இஎம்ஐ' என்றால் பிராசசிங் கட்டணத்தையும் கேட்காமலே சேர்க்கும் இன்சூரன்ஸையும் கூட்டிப் பாருங்கள்.

ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் இல்லை. 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாய்தா வாங்கி வாங்கி, தீர்ப்பு வருவதற்குள் உங்கள் மகள் படிப்பையே முடித்துவிடலாம். அதற்குள் பில்லிலும் எழுத்து இருக்காது, அந்த வழவழ தாள் அப்படி. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.